பிள்ளையார் சுழி போட்ட பேய்

'பீப்' என்றது ஸ்கேனர். விதைக் கிடங்கில் நின்றிருந்த சுமைத் தொழிலாளர்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

ஜாபிரும் பார்த்துக்கொண்டான். 'துணைத் துப்பறிவாளர்' என்று அவனுடைய விசிட்டிங் கார்டில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் பேய் விஷயத்தில் அவன் இன்னும் அதிராம்பட்டினத்துக் கடற்கரையைத் தாண்டி வரவில்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"மேடம், எங்க ஊர்ல மனுஷனுக்கு ஜின்னு புடிச்சா ஓதிப் பார்ப்பாங்க. ஸ்கேனருக்குப் புடிச்சா என்ன பண்றது? வாரண்டி கார்டுல ஜின்னுக்குத் தனியா கட்டம் இருக்கான்னு பார்க்கணும்."

ஹம்சத்வனி சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் விசாரணையில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, தஞ்சாவூரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நனைந்த குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தார். வெளியே புரட்டாசி மழை, தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்கே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சுவர்வரை அடுக்கியிருந்த நெல் மூட்டைகள், குந்தியிருக்கும் மனிதர்களைப் போலத் தெரிந்தன.

திரையில் மூட்டை எண் வரவேண்டிய கட்டத்தில் இப்படி விழுந்திருந்தது: kdyrhhqld40012. அதற்குக் கீழே சிவப்பில், 'இந்த எண்ணில் மூட்டை இல்லை.'

"பார்த்தீங்களா மேடம்?" என்றார் மேனேஜர் முருகையன். வெள்ளைச் சட்டையில் நீலப் பேனா, நெற்றியில் விபூதி. "இது இப்ப இங்கிலீஷ்ல வருது. அன்னிக்குத் தமிழ்லயே வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். 'முளைக்காது'ன்னு."

"என்ன?"

"முளைக்காது. மூட்டையைக் காட்டினா ஸ்கேனர் 'முளைக்காது'ன்னு எழுதுது மேடம். விதைக் கிடங்குல இதை விட ஒரு சாபம் உண்டா? செத்துப்போன ரெத்தினத்தோட வேலை. இல்லன்னா அவன் பொண்டாட்டியோட வேலை."

விஷயம் இதுதான். ரெத்தினம் இந்தக் கிடங்கின் காப்பாளர். ஆடியில் இங்கே சம்பா விதை வாங்கிய முப்பது பேரின் நாற்றங்கால் முளைக்கவில்லை. பழைய நெல்லை விதையாக்கி விற்றவர் ரெத்தினம்தான் என்று முருகையன் சொன்னார், ஊரும் அதை நம்பியது. ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை சாயங்காலம் வீட்டைவிட்டுப் போன ரெத்தினத்தை மறுநாள் புது ஆற்று மதகில் எடுத்தார்கள். மானத்துக்குப் பயந்து குதித்துவிட்டார் என்பது ஊரின் தீர்ப்பு. கருமாதி முடிந்து அவர் மனைவி ரெங்கம்மாள், பழையபடி சாக்குத் தைக்கும் வேலைக்கு வந்தார். அதற்கு மறுநாளிலிருந்து ஸ்கேனருக்குப் பேய் பிடித்தது.

கிடங்கின் உரிமையாளர் வெங்கட்ராகவன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அடுத்த போகமான தாளடிக்கு விதை வாங்க விவசாயிகள் காத்திருக்க, லாரி நகரவில்லை. ஹம்சத்வனியைப் போனில் பிடித்து, "யார் செய்யறான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். முருகையனோ பதிலையே தயாராக வைத்திருந்தார். ரெங்கம்மாள் மேல் புகார் எழுதிப் பையில் மடித்திருந்தார். மத்தியானத்துக்குள் துப்பறிவாளர் 'ஆமாம்' என்றால் போதும், அந்த அம்மாளுக்கு வேலையும் போகும், போலீஸ் வாசலும் மிதிக்க வேண்டிவரும். புருஷனின் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

ஜாபிர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். இந்த வேலைக்கு வருமுன் கடை கடையாகப் பில் மெஷின் மாட்டிக்கொடுத்தவன் அவன். "பில்லுல விவசாயி பேரு தமிழ்லயா அடிப்பீங்க?"

"ஆமா. தமிழ்99 கீபோர்டு முறை."

"அப்ப பேய்க்கு ரெண்டு பாஷை தெரியல மேடம். ஸ்கேனரும் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். பார்கோடைப் படிச்சு, நாம விரலால தட்டுற மாதிரியே தட்டும். தமிழ்ல பேரை அடிச்சிட்டு இங்கிலீஷுக்கு மாத்த மறந்துட்டா..." அவன் தமிழுக்கு மாற்றிவிட்டு, அதே எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். கே, டி, ஒய், ஆர்.

மு. முளை. முளைக்கா.

முளைக்காது.

பின்னால் யாரோ "முருகா" என்றார்கள். தான் தட்டியது என்று தெரிந்தும் ஜாபிர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கண்டபடி விழுந்த எழுத்தாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரோ உட்கார்ந்து, யோசித்து, இந்த ஒரு சொல்லை ஸ்கேனருக்குள் வைத்திருக்கிறார்கள். அது பேயைவிட மோசம்.

"ஸ்கேனரை மாத்திப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் ஹம்சத்வனி.

"புதுசு வாங்கிட்டேன் மேடம். இதோ இது புதுசுதான். டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கே ஏறிடுச்சு. சில நேரம் சும்மா இருக்கும், சில நேரம் வந்துரும். நான் அந்தப் பக்கமே போறதில்ல. ஆளுங்கதான் அடிக்கிறாங்க."

"புதுசுக்குள்ள எப்படிப் போச்சு ஜாபிர்?"

ஜாபிருக்கு அதுதான் புரியவில்லை. ஸ்கேனரின் நினைவில் இப்படி ஒரு முன்னொட்டைச் சேர்க்க வழி இருக்கிறது. அதற்கென்று கோடுகள் உண்டு. ஸ்கேனருக்கு அந்தக் கோட்டைக் காட்டினால், அது மூட்டை எண் என்று எடுத்துக்கொள்ளாது, தனக்கு இட்ட கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். சத்தம் கூட்டு, குறை, எண்ட்டர் போடு, எல்லாம் மற. ஆனால் பழைய ஸ்கேனருக்குச் சொன்னது புதியதற்கு எப்படித் தெரியும்? "செத்தவங்க ஆவிதான் வீடு மாறும்னு கேள்விப்பட்டிருக்கேன். செட்டிங்கும் வீடு மாறுமா என்ன?"

"ரீசெட் அடிச்சுப் பாருங்க."

"அதெல்லாம் நாங்க அடிச்சாச்சு" என்று முருகையன் சுவரைக் காட்டினார்.

மேசைக்கு மேலே ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. ஸ்கேனரோடு வந்த புத்தகத்திலிருந்து கோடுகளை வெட்டி ஒட்டி, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது. முத்துமுத்தான கையெழுத்து. 'சத்தம் கூட்ட', 'சத்தம் குறைக்க', 'எண்ட்டர் தானாக விழ'. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கோடு. அதன் பக்கத்தில் ஒரே எழுத்து: உ.

"பிள்ளையார் சுழி" என்றார் முருகையன். "ரெத்தினம் செஞ்ச அட்டை. காலையில பத்தி கொளுத்திட்டு முதல்ல இதைத்தான் அடிப்போம். முந்தின நாள் யாரு என்ன செட்டிங்கைக் கெடுத்திருந்தாலும் சரியாயிடும்னு பழக்கிவிட்டான். பேய் வந்ததுலேர்ந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கிறோம். போகலையே!"

ஜாபிர் ஸ்கேனரை 'உ'வுக்குக் காட்டினான். பீப், பீப், பீப். பிறகு மூட்டைக்குக் காட்டினான்.

kdyrhhqld40012.

"பிள்ளையாருக்கே அடங்காத பேயி" என்று முனகினான்.

ஹம்சத்வனி அட்டையைப் பார்க்காமல் அட்டையின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி வழியாக ஓர் எறும்பு வரிசை இறங்கி வந்தது. 'சத்தம் கூட்ட'வை அது சீந்தவில்லை. 'எண்ட்டர் விழ'வையும் சீந்தவில்லை. நேராக 'உ'வின் கோட்டுக்குப் போய் ஓரத்தை மொய்த்தது.

"எறும்புக்குக் கூடப் பிள்ளையார் பக்தியா?" என்றான் ஜாபிர்.

"பக்தி இல்ல, பசி." ஹம்சத்வனி நகத்தால் அந்தக் கோட்டின் ஓரத்தைக் கிளப்பினார். அது ஒரு லேபிள். கீழே இன்னொரு கோடு இருந்தது, புத்தகத்தில் வெட்டியது. மேலே ஒட்டிய லேபிளின் முதுகில், காய்ந்து வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தது நசுக்கிய சோற்றுப் பருக்கை.

ஜாபிர் கீழே இருந்த பழைய கோட்டை அடித்தான். பிறகு மூட்டையை அடித்தான். 40012. சுத்தமாக வந்தது. கழற்றிய லேபிளை அடித்தான், மூட்டையை அடித்தான். முளைக்காது.

பேயை ஓட்டுகிறோம் என்று நினைத்துத் தினமும் பத்துத் தடவை அவர்களேதான் அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புது ஸ்கேனர் வந்த அன்றும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்று ஜாபிர் வாயைத் திறந்தான். அதற்குள் முருகையன் முந்திக்கொண்டார்.

"சோத்துப் பருக்கை! பார்த்தீங்களா? இங்க சோறு கட்டிக்கிட்டு வர்றது யாரு? ஏ ரெங்கம்மா, இங்க வா!"

சாக்குக் குவியலுக்குப் பின்னாலிருந்து ரெங்கம்மாள் எழுந்து வந்தார். கோணி ஊசி கையிலேயே இருந்தது. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். லேபிளைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"இதை ஒட்டினது நீங்களாம்மா?" என்றார் ஹம்சத்வனி.

"ஆமாங்கம்மா. நான்தான் ஒட்டுனேன்."

முருகையன் கையைத் தட்டினார். பொய் சொல்லக்கூடத் தெரியாத அம்மாளை, ஒரு புகார்க் காகிதத்தோடு பிடித்துக்கொடுக்கவா இவ்வளவு தூரம் மழையில் வந்தோம் என்று ஜாபிருக்கு இருந்தது.

"எதுக்கு ஒட்டுனீங்க?"

"அவருதாங்க குடுத்தாரு. போறதுக்கு முதநாளு. 'நான் வேலைக்கு வராமப் போனா, அந்த அட்டையில பிள்ளையார் சுழி மேல இதை ஒட்டிடு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் தோணல. துக்கத்துல மறந்துபோச்சு. வேலைக்கு வந்த அன்னிக்கு முந்தியில முடிஞ்சிருந்ததைப் பார்த்தேன். பசை போயிருந்திச்சு. சோத்தை வச்சு ஒட்டுனேன். அது ஏதோ ஆபீஸ் காயிதம்னுதாம்மா நெனச்சேன்." குரல் இறங்கியது. "ஆனா அவரு சாபம் விடுற ஆளு இல்லிங்க. நெல்லைத் தாண்டி நடக்கக்கூட மாட்டாரு."

"கேட்டுக்கிட்டீங்களா மேடம்? ஒப்புக்கிட்டா. புருஷன் எழுதிக் குடுத்த சாபம், பொண்டாட்டி ஒட்டினது. செத்தும் கெடுத்தான். நான் புகாரைக் குடுத்துரலாமா?"

ஹம்சத்வனி முருகையனைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சிரித்தார். "தாராளமா, முருகையன் அவர்களே."

ஜாபிர் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேடத்துக்குச் சாதாரணக் கோபம் வந்தால் 'வாங்க, போங்க' என்பார். 'அவர்களே' வந்துவிட்டால், ஒருவருக்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. என் தம்பிக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் ரெண்டு ஏக்கர் இருக்கு. தாளடிக்கு ஒரு மூட்டை விதை வேணும். உங்க கையால நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

"அதுக்கென்ன மேடம், உங்களுக்கு இல்லாததா!"

வாசல் பக்கமாக, கைக்கு எட்டும் தூரத்தில் நாற்பது மூட்டைகள் லாரிக்குத் தயாராக இருந்தன. முருகையன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு அடுக்குகளைத் தாண்டி உள்ளே போனார். இருட்டில் குனிந்து, சுவரோரமாக இருந்த ஒரு மூட்டையை அவரே மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஜாபிர், அடிங்க."

லேபிளைத்தான் கடைசியாக அடித்திருந்தார்கள். பேய் உள்ளேதான் இருந்தது. ஜாபிர் முருகையன் கொண்டுவந்த மூட்டைக்கு ஸ்கேனரைக் காட்டினான்.

40871. வேறொன்றுமில்லை.

வாசலில் இருந்ததற்குக் காட்டினான். முளைக்காது. பக்கத்தில் இருந்ததற்கு. முளைக்காது. ஓடி உள்ளே போய்ச் சுவரோரத்தில் மூன்றை அடித்தான். சுத்தம், சுத்தம், சுத்தம். அவன் தலைக்குள் ஏதோ 'பீப்' என்றது.

"மேடம்! இது எல்லா மூட்டையையும் திட்டல. பொறுக்கிப் பொறுக்கிச் சொல்லுது! பார்கோடுல வகை இருக்கு. பார்வைக்கு எல்லாம் கோடுதான், ஆனா எழுத்து வேற. இந்த வகையைப் பார்த்தா மட்டும் முன்னாடி இதைப் போடுன்னு ஸ்கேனருக்குச் சொல்லி வைக்கலாம்."

"அந்த வகையை நாம கண்ணால பார்க்க முடியுமா?"

ஜாபிர் இரண்டு லேபிள்களை அருகருகே வைத்தான். உள் மூட்டையில் கோட்டுக்குக் கீழே 40871 என்று இருந்தது. வாசல் மூட்டையில் *40012* என்று இருந்தது. எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரு நட்சத்திரம்.

"ஜாதகம் பார்க்காமலே நட்சத்திரம் தெரிஞ்சுபோச்சு" என்றார் ஹம்சத்வனி. "உள்ள இருக்கறது விதை. கம்பெனியிலேர்ந்து லேபிளோட வந்தது. வாசல்ல இருக்கறது வெறும் நெல்லு. வேற எங்கயோ லேபிள் அடிச்சு ஒட்டியிருக்காங்க. அடிச்சவங்களுக்கு வகை வித்தியாசம் தெரியல. ரெத்தினத்துக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் சாபம் விடல முருகையன் அவர்களே. தரம் பிரிச்சு வச்சுட்டுப் போயிருக்கார். நீங்க ஸ்கேனர் பக்கமே போகாததால, உங்களுக்கு மட்டும் அது தெரியாமப் போச்சு. ஆனா எது விதைன்னு உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கு."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை வாயால் சொன்னவர்கள் உண்டு. முருகையன் நடந்தே காட்டியிருந்தார். விபூதிக்குக் கீழே வேர்வை இறங்கியது. ஆனாலும் மனிதர் லேசில் விழுகிற ஆள் இல்லை.

"அப்ப அந்தத் திருட்டு லேபிளை ஒட்டினதும் ரெத்தினம்தான்! பழைய நெல்லை மாத்தினதே அவன்தானே. அதான் மானத்துக்குப் பயந்து குதிச்சான்!"

ரெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சொல்லை அவர் நாற்பது நாளாகத் தெருவில் கேட்டுக்கொண்டிருப்பவர்.

ஹம்சத்வனி குடையின் நுனியால் வாசல் மூட்டையின் லேபிளைத் தொட்டார். "ஜாபிர், மூட்டை கட்டின தேதி என்ன?"

ஜாபிர் குனிந்து படித்தான். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தரம் படித்தான். "செப்டம்பர் இருபத்திரண்டு."

"ரெத்தினம் இறந்தது ஆகஸ்ட் இருபத்தேழு. செத்து இருபத்தாறு நாள் கழிச்சு வந்து நாப்பது மூட்டை கட்டியிருக்கார்னா, அதுக்குப் பேருதான் பேய். நான் பேயை நம்பறதில்ல."

இணைப்பைத் துண்டிக்காமலே மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த ஹம்சத்வனியின் போனிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் முழுக்கக் கேட்டுட்டேன்." பெங்களூரிலிருந்து வெங்கட்ராகவன். "முருகையன், லாரி போகக் கூடாது. நீங்களும் எங்கயும் போகாதீங்க."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று இவ்வளவு நேரம் புரியாமல் நின்ற சுமைத் தொழிலாளர்கள், இப்போது வாசலை அடைத்து நின்றார்கள். இந்த முறை அவர்கள் ஓடுவதற்கு வழி பார்க்கவில்லை.

ரெங்கம்மாள் மட்டும் வேறெங்கோ இருந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அவரு செத்துப்போன அந்த வாரம்... அப்ப வாசல்ல இருந்த மூட்டையிலேர்ந்து நூறு நெல்லு எண்ணிக் கொண்டாந்தாரு. ஈரச் சாக்குல வச்சுச் சுருட்டி அடுப்பங்கரையில வச்சாரு. சாக்கு மேல 'வெள்ளி'ன்னு எழுதியிருந்தாரு. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்துட்டு, ஓனருக்குப் போன் பண்ணணும்னாரு. புதன்கிழமை போயிட்டாரு." அவர் முந்தானையால் வாயைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமை நான் பிரிச்சுப் பார்த்தேங்கம்மா. நூத்துக்கு நாலுதான் முளைச்சிருந்திச்சு. எழவு வீட்டுல நெல்லு முளைக்கல. குடும்பத்துக்கே ஆகாத சகுனம்னு யாருகிட்டயும் சொல்லாமப் பொதைச்சுட்டேன். எங்க குடி அத்துப்போகும்னுதான் அவரு ஸ்கேனர்ல வந்து சொல்றாருன்னு நெனச்சேன்."

நாற்பது நாள் இந்த அம்மாள், ஒரு பரிசோதனையின் முடிவைத் தன் தலைவிதி என்று நினைத்துத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

"அது சகுனம் இல்லம்மா" என்றார் ஹம்சத்வனி. அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து ஜாபிர் கேட்டதில்லை. "அது கணக்கெடுப்பு. உங்க வீட்டுக்காரர் செஞ்சது. நெல்லுதான் செத்த நெல்லு, உங்க குடிக்கு ஒரு குறையும் இல்ல." பிறகு முருகையன் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை எண்ணணும்னு சாக்குல எழுதி வச்சவர், புதன்கிழமை ஆத்துல குதிப்பாரா?"

"நான் என்ன கண்டேன்? அன்னிக்கு இருட்டு, மதகு வேற வழுக்கிச்சு. கால் தவறியிருக்கும்!"

"காலையிலேர்ந்து மானத்துக்குப் பயந்து குதிச்சான்னு சொன்னீங்க. இப்ப கால் தவறிடுச்சா? அன்னிக்கு மதகு வழுக்கிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், முருகையன் அவர்களே?"

முருகையன் ஓரடி பின்னால் போனார். வெள்ளைச் சட்டைப் பையில் புகார்க் காகிதம் அப்படியே மடிந்திருந்தது. ஹம்சத்வனி போலீசுக்குப் போன் செய்ய வாசல் பக்கம் போனார். அந்தக் கேள்விக்கு முருகையன் இனி ஸ்டேஷனில்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேசை அருகே ஜாபிரும் ரெங்கம்மாளும் மட்டும் நின்றார்கள். ஸ்கேனரைக் கீழே வைக்கப் போனவனை ரெங்கம்மாள் தடுத்தார்.

"தம்பி, அந்தச் சத்தம் கேட்டாலே இத்தினி நாளா காதைப் பொத்திக்குவேன்." அவர் கோணி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, மேசைக்கு நெருங்கி வந்தார். "தமிழ்ல வர்ற மாதிரி வச்சு, இன்னொருதரம் அடிங்க. அவரு எழுதுனதை நானே படிக்கிறேன்."

ஜாபிர் தலையசைத்தான். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினான். வாசல் மூட்டையின் நட்சத்திரத்துக்கு ஸ்கேனரைக் காட்டினான்.

பீப்.

ரெங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, நாற்பத்திரண்டு நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே அடுத்த மூட்டையைக் கை காட்டினார்.